சம்பந்தியம்மா பிடித்த தூண்

"பாயாசம் மாதிரி இருக்கும் ஆன்ட்டி. உள்ள விட்டா அதுவா ஓடும், அதுவா மூலைக்கு மூலை நிரம்பும், அதுவா சமமாயிடும். குத்த வேண்டியதில்ல, ஆட்ட வேண்டியதில்ல."

எங்கள் கட்டடத்தைத் தாங்கப் போகிற கான்கிரீட்டைப் பற்றி அந்த இன்ஜினியர் தம்பி இப்படித்தான் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. பாயாசத்தை நம்பி யாராவது நான்கு மாடியை நிறுத்துவார்களா?

அப்போது நாங்கள் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பழைய நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். மின்தூக்கி கிடையாது. கீழே பூக்கடை. எண்பதுகளின் பிற்பாதி. பாசிர் ரிஸ்ஸில் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தோம். அங்கே இன்னும் மண்ணைத்தான் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு கட்டடம் பட்டப்பகலில் இடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதைப் பற்றி விரிவாக எழுத எனக்கு இன்னமும் கை வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதோடு விட்டுவிடுகிறேன். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது மேல்தளத்தில் யாராவது நாற்காலியை இழுத்தால், எழுதிக்கொண்டிருந்த கை கரும்பலகையிலேயே நின்றுவிடும். பிள்ளைகள் என்னையே பார்ப்பார்கள். இருமிவிட்டுத் தொடர்வேன்.

எங்கள் கட்டடத்துத் தூணில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்ததும் நான்தான். பூக்கடைக்கு முன்னால், ஐந்தடி நடைபாதையில் நிற்கும் தூண் அது. தினமும் அதைக் கடந்துதான் போகிறேன், வருகிறேன். அதுவரை அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தால் முட்டி உயரத்தில் தொடங்கி மேலே போகிறது ஒரு கோடு. விரிசல் பெரிதாகிறதா என்று தெரிந்துகொள்ள, சோற்றுப் பசை தடவி அதன் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டினேன். பெரிதானால் காகிதம் கிழியும். மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் நடுவில் கிழிந்து தொங்குகிறது. நான் போட்ட சத்தத்தில் கட்டடம் முழுவதும் தெருவுக்கு வந்துவிட்டது. நான்காம் மாடிக்காரர் குளித்துக்கொண்டிருந்த கோலத்தில், துண்டோடு வந்து நின்றார்.

பூக்கடைக்காரர் மட்டும் அசையாமல் மாலை கட்டிக்கொண்டிருந்தார். "டீச்சரம்மா, அது நான் கிழிச்சது. மாலையை அதுமேல சாத்தி வெச்சேன், எடுக்கும்போது ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு" என்றார்.

துண்டோடு நின்றவர் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

ஆனாலும் அந்தக் கலாட்டாவால் ஒரு நன்மை. கட்டட உரிமையாளர் காதுக்கு விஷயம் போய், அவர் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றை அழைத்துவந்தார். அப்படித்தான் இன்ஜினியர் தம்பி வந்து சேர்ந்தார். தூணைச் சுத்தியலால் தட்டினார். ஓர் இடத்தில் 'டொக்' என்றது. இன்னோர் இடத்தில் வெற்றுத் தகரம்போல ஒலித்தது. அங்கே லேசாகக் கொத்தியதும் மேல்பூச்சு பாளம் பாளமாக வந்து விழுந்தது. உள்ளே கம்பிகள் துருப்பிடித்து உப்பியிருந்தன.

"வருஷக் கணக்கா தண்ணி இறங்கியிருக்கு. அண்ணே, பூவுக்குத் தண்ணி எங்க நின்னு தெளிப்பீங்க?" என்று பூக்கடைக்காரரைக் கேட்டார்.

"இங்கதான் தம்பி. பூ வாடினா யாரு வாங்குவா?"

"பூ வாடல. தூணு வாடிடுச்சு."

இந்தத் தூண் சீராவதை நான் பதறிப் பதறி எதிர்பார்த்ததற்கு உயிர்ப்பயம் மட்டும் காரணமல்ல. என் ஒரே மகள் பிடோக்கில் புகுந்த வீட்டில் இருந்தாள். முதல் பிரசவம். எங்கள் வழக்கப்படி, வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பிள்ளை பெற்று, பத்தியம் முடித்து, அப்புறம்தான் அனுப்ப வேண்டும். வளைகாப்பும் நடந்துவிட்டது. ஆனால் சம்பந்தியம்மா, அதாவது என் மகளின் மாமியார், அனுப்ப மறுத்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா" என்றார் தொலைபேசியில். "ஒங்க கட்டடத்துக்கே பிரசவ வலி எடுத்த மாதிரி நிக்குது. அதுக்குள்ள புள்ளத்தாச்சிய எப்படி அனுப்புறது?"

"ஆஸ்பத்திரி எங்க வீட்டுலேருந்து கூப்பிடு தூரம். பிடோக்லேருந்து டாக்சி பிடிச்சு வர்றதுக்குள்ள..."

"எங்க வீட்டுல லிஃப்ட் இருக்கு. கடல் காத்து வருது. தூணெல்லாம் நேரா நிக்குது."

நல்ல மனுஷிதான், வாய் மட்டும் கொஞ்சம் தாராளம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "ஆனி முடியறதுக்குள்ள தூணு சரியாயிட்டா நீங்க அழைச்சிட்டுப் போங்க. ஆடி பொறந்துட்டா என் மருமக வாசப்படி தாண்ட மாட்டா."

ஆடியில் மகளை இடம் மாற்ற எனக்கும் மனம் வராது. குழந்தையோ ஆடிக் கடைசியில் பிறக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே தூண் ஆனியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் என் மகள் தன் முதல் குழந்தையை என் வீட்டில் வைத்துத் தாலாட்டப் போவதில்லை.

மகள் அன்று மாலை தனியாக அழைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. "அம்மா, இவங்க பீட்ரூட் ஜூஸா குடுத்துக் கொல்றாங்க. என் நாக்கப் பாத்தா நீ பயந்துடுவ. சீக்கிரம் அந்தத் தூணக் கட்டும்மா."

"நானா கட்டுறேன்?"

"நீ போய் நின்னாலே அவங்க வேகமா முடிச்சுட்டு ஓடிடுவாங்க."

அவள் சொன்னதுபோல் நான் போய் நின்றேன். பள்ளி முடிந்ததும் நேரே தூண்தான். தூணைச் சுற்றி இரும்பு முட்டுக்கால்களை நிறுத்தி, மேலே உள்ள பாரத்தை அவற்றின்மேல் ஏற்றினார்கள். தூணின் பழுதான பகுதியைக் கொத்தி எடுத்தார்கள். துருவைத் தேய்த்துப் புதுக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டினார்கள். பிறகு தூணைச் சுற்றிப் பலகையால் ஒரு நீளப் பெட்டி அடித்தார்கள். பழைய தூணுக்கும் பலகைக்கும் நடுவே உள்ளங்கை அகல இடைவெளி. அந்த இடைவெளியில் முழுக்கக் கம்பி. அதற்குள்தான் கான்கிரீட் போக வேண்டும். குச்சி விட்டுக் குத்தக்கூட வழியில்லை. அதனால்தான் பாயாசம்.

"தண்ணி அதிகமானா கான்கிரீட் சொத்தையாயிடும்னு எங்கப்பா சொல்வாரு" என்றேன். அப்பா தஞ்சோங் பகாரில் துறைமுகக் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. இது தண்ணியால ஓடல ஆன்ட்டி. மருந்து." தம்பி ஒரு நீலக் குப்பியைக் காட்டினார். "இதுல கொஞ்சம் கலந்தா, தண்ணி சேக்காமலே இளகிடும். இறுகின பிறகு பழைய தூணவிட பலம்."

பிறகு எனக்காகவே கொஞ்சம் கலந்து, ஓர் இரும்புத் தகட்டின்மேல் வாளியைக் கவிழ்த்துக் காட்டினார். சாம்பல் நிறக் குவியல் ஒரு நொடி தயங்கியது. அப்புறம் தானாக, யாரும் தொடாமல், வட்டமாக விரிந்துகொண்டே போனது. விளிம்பில் தண்ணீர் பிரியவில்லை. நடுவில் கல் தேங்கவில்லை. கரண்டியே படாமல் வார்த்த தோசை. என்னையறியாமல் "நல்ல பதம்" என்று சொல்லிவிட்டேன். தம்பி சிரித்தார்.

"ஆனா ஒண்ணு ஆன்ட்டி. இது இவ்ளோ இளகி இருக்கறதால, பெட்டியில ஒரு ஊசி ஓட்டை இருந்தாக்கூட வெளிய வந்துடும். சிமெண்ட் பால் வெளிய போனா, உள்ள கல் மட்டும் நிக்கும். தேன்கூடு மாதிரி பொத்தல் விழும். அப்புறம் உடைச்சிட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மொதல்லேருந்து என்றால் ஆடி.

கான்கிரீட் செலுத்துவது சனிக்கிழமைக் காலை என்று முடிவானது. முதல்நாள் பெட்டியின் இணைப்புகளையெல்லாம் மேஸ்திரி மெழுகுபோன்ற ஒன்றால் அடைத்தார். மேஸ்திரி சீனர், தேக்கா சந்தையில் வளர்ந்தவர், மீன்கடைத் தமிழை வார்த்தைக்கு ஒரு 'லா' சேர்த்து அருமையாகப் பேசுவார். "அக்கா, எறும்பு கூட வெளிய வராது லா" என்று சொல்லிவிட்டு, தம்பியோடு கிளம்பிப் போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் சம்பந்தியம்மா வந்து இறங்கினார், கையில் கூடையோடு. தூணைத் தன் கண்ணால் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாதாம். முட்டுக்கால்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்ற புதுப் பலகைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குப் பரீட்சைத்தாளைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்பதுபோல் இருந்தது.

"அம்சமாத்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

நான் காப்பி போட மேலே போனேன். காப்பியோடு இறங்கி வந்தால், பெட்டி கோயில் கொடிமரமாக மாறியிருக்கிறது. உச்சியில் மாவிலைத் தோரணம். நடுவில் ஒரு சாமந்தி மாலை. அடியில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும். பலகை நெடுகச் சந்தனமும் குங்குமமும். பூக்கடைக்காரர் கையில் சுத்தியல். சம்பந்தியம்மா கையில் சந்தனக் கிண்ணம்.

"நாளைக்கு நல்ல காரியம் நடக்கப்போவுது. வெறுமையா விடலாமா?" என்றார் சம்பந்தியம்மா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு வாய் பேசியவர் எங்கள் தூணுக்குப் பொட்டு வைக்கிறார். சுத்தியல் எதற்கு என்று யோசிக்கத் தோன்றவேயில்லை. "இருட்டப் போவுது, இங்கேயே தங்கிடுங்க" என்றேன். தங்கினார்.

காலையில் வேலையாட்கள் வந்தார்கள். மேஸ்திரி தோரணத்தையும் மாலையையும் பார்த்துக் கைகுவித்தார். பிறகு, குழாய் இழுக்க இடைஞ்சலாக இருக்கும் என்று, ஒவ்வொன்றாக மரியாதையோடு கழற்றிப் பூக்கடைக்காரரிடம் கொடுத்தார். கழற்றும்போது ஆணிகளும் பூவிலும் இலையிலும் சிக்கிக் கூடவே வந்துவிட்டன. ஆணி இருந்த இடத்திலெல்லாம் சந்தனம் அப்பியிருந்ததால் யார் கண்ணிலும் எதுவும் படவில்லை.

நான் மேலே பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வேலை செய்கிறவர்கள் பசியாற வேண்டுமே. பம்பு ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதும் கையைக்கூடக் கழுவாமல் கீழே ஓடினேன்.

பெட்டியின் அடியில் ஒரு துளையில் குழாயைப் பொருத்தியிருந்தார்கள். கான்கிரீட் அடியிலிருந்து ஏற வேண்டும். உள்ளிருக்கும் காற்று உச்சியில் விட்டிருக்கும் துவாரம் வழியாக வெளியேறும். கடைசியில் அந்தத் துவாரத்தில் கான்கிரீட் தலை காட்டினால் பெட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பம்பு 'தடக் தடக்' என்றது. குழாய் மலைப்பாம்பாக உடம்பை நெளித்தது. தம்பி பலகையில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

முதலில் திறந்துகொண்டது எலுமிச்சம்பழ ஆணியின் ஓட்டை.

சந்தனப் பொட்டு ஒன்று மெதுவாகப் புடைத்தது. அப்புறம் பொட்டென்று விழுந்தது. அதன் பின்னாலிருந்து நூல்போல ஒரு சாம்பல் நிறப் பீச்சல், நேராகப் பூக்கடைக்காரரின் வேட்டியில்.

"என்ன ஓட்டை இது?" என்று தம்பி கத்தினார்.

"எலுமிச்சம்பழம்" என்றார் பூக்கடைக்காரர், மிகுந்த அடக்கத்தோடு.

"ஆணி அடிச்சீங்களா? எத்தன?"

பூக்கடைக்காரர் சம்பந்தியம்மாவைப் பார்த்தார். சம்பந்தியம்மா பெட்டியைப் பார்த்தார். அந்த முகத்தில் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. அடியில் எலுமிச்சம்பழம். நடுவில் மாலை. உச்சியில் தோரணம்.

"தம்பி, பம்ப நிறுத்திடுங்க!" என்றேன்.

"நிறுத்தக் கூடாது ஆன்ட்டி. நின்னா குழாய்லயே இறுகிடும். பெட்டிக்குள்ள பாதியில ஜாயின்ட் விழுந்து, மேலயும் கீழயும் ஒட்டாம போயிடும். மெதுவா விடலாம், அவ்ளோதான். ஓட்டைய அடைங்க, எதையாவது வெச்சு அடைங்க!"

எலுமிச்சம்பழ ஓட்டையைப் பூக்கடைக்காரர் விரலால் பொத்தினார். அதற்குள் மாலை கட்டியிருந்த இடம் திறந்துகொண்டது. அதுதான் மோசமானது. இரண்டு பலகைகள் சேருகிற கோட்டிலேயே அந்த ஆணியை அடித்திருந்ததால், இணைப்பே விலகி, கான்கிரீட் பால் பட்டையாக வழியத் தொடங்கியது. தேன்கூடு, உடைப்பு, ஆடி என்று என் தலைக்குள் வரிசையாக ஓடியது. பள்ளியில் நாற்காலிச் சத்தம் கேட்டால் நிற்பேனே, அப்படியே நின்றுவிட்டேன்.

சம்பந்தியம்மா நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டுக்கால்களுக்கு நடுவே புகுந்தார். இரண்டு கட்டைவிரல்களையும் அந்த இணைப்பில் வைத்து, பலகையோடு முகத்தை ஒட்டி, முழு உடம்பாலும் அழுத்தினார். கான்கிரீட் பால் அவர் முழங்கை வழியாக இறங்கி, ரவிக்கையை நனைத்து, சேலை மடிப்பில் வழிந்தது.

"ஏன் சிலையா நிக்கிறீங்க?" என்று என்னைப் பார்த்து அதட்டினார். "கையில என்ன?"

கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் பூரி மாவு.

மூன்று மாடி ஏறி இறங்கினேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. மாவுத் தாம்பாளத்தோடு நான் வந்து நின்றதும் மேஸ்திரி ஒரு கைப்பிடி மாவை எடுத்து, உருட்டி, சம்பந்தியம்மாவின் விரலை விலக்கச் சொல்லி, அந்த இடத்தில் அப்பினார். அதன்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்தார். கசிவு நின்றது. சொட்டுக்கூட இல்லை.

"போலே, போலே!" என்று கூவினார். முடியும் முடியும் என்று மலாயில். "அக்கா, ரொம்ப நல்ல மாவு லா! எண்ணெய் போட்டு பிசைஞ்சியா?"

"கொஞ்சம் ரவையும் போட்டேன்" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு வேலை சுறுசுறுப்பாகிவிட்டது. தம்பி ஒவ்வொரு சந்தனப் பொட்டையும் துடைத்து ஓட்டையைக் கண்டுபிடிப்பார். நான் மாவு உருட்டுவேன். பூக்கடைக்காரர் வாங்கி அப்புவார். சம்பந்தியம்மா ஏணியடியில் நின்றுகொண்டு, "இங்க ஒண்ணு, தோரணத்துக்கு வலது பக்கம் இன்னொண்ணு" என்று தான் அடிக்கச் சொன்ன இடங்களையெல்லாம் தானே காட்டிக் கொடுத்தார். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்னக்கா, தூணுக்கு ஊட்டி விடுறீங்களா?" என்று ஒரு தயிர்க்காரர் கேட்டுவிட்டுப் போனார்.

உச்சித் துவாரத்தில் முதலில் காற்று சீறியது. அப்புறம் ஒரு குமிழி. அப்புறம் கெட்டியாக, பளபளவென்று, கான்கிரீட் தலை காட்டி விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்றார் துண்டு கட்டிக்கொண்டு வந்த அந்த நான்காம் மாடிக்காரர். இப்போது சட்டை போட்டிருந்தார். தெருவே சிரித்தது. தம்பி பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பசியாறப் பூரி இல்லை. எல்லாருக்கும் ரொட்டி பராட்டா வாங்கி வந்தோம்.

பலகையைப் பிரிக்க வேண்டிய நாள்வரை நான் பட்ட பாட்டை என் கணவரைக் கேட்டால்தான் தெரியும். ராத்திரியும் பகலும் ஒரே கேள்வி: உள்ளே பொத்தல் விழுந்திருக்குமா? சம்பந்தியம்மா தினமும் தொலைபேசியில் கேட்பார், "பிரிச்சாச்சா?" முன்பு அந்தக் குரலில் இருந்த கிண்டல் இப்போது இல்லை. அவருக்கும் பயம் என்று எனக்குப் புரிந்தது. பொத்தல் விழுந்திருந்தால் அதற்குக் காரணம் அவர் அடிக்கச் சொன்ன ஆணி அல்லவா?

பிரிக்கிற அன்று அவரும் வந்துவிட்டார். மேஸ்திரி ஒவ்வொரு பலகையாகக் கழற்றினார். உள்ளே தூண் புது ஸ்லேட்போல மழமழவென்று நின்றது. தம்பி சுத்தியலால் அடியிலிருந்து உச்சிவரை தட்டிக்கொண்டே போனார். நாங்கள் மூச்சு விடாமல் கேட்டோம். டொக். டொக். டொக். எங்கேயும் தகரச் சத்தம் இல்லை. நடு இணைப்பில் மட்டும் மாவு உட்கார்ந்த இடம் பூரி வடிவத்தில் லேசாகப் பள்ளமாயிருந்தது. தம்பி அதை விரலால் தடவிப் பார்த்தார், கொஞ்சம் சுரண்டினார்.

"மேலாக்கத்தான். பூசிடலாம். தூணு பாஸ்."

நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் போய், உள்ளங்கையை வைத்து, பலமாக ஒரு தள்ளு தள்ளினார். மறுபடியும் தள்ளினார். தள்ளிவிட்டு, "நல்ல நாள் எது?" என்று கேட்டார்.

ஆனி முடிவதற்குள் ஒரே ஒரு நல்ல நாள்தான் மிச்சமிருந்தது. அன்று காலை டாக்சி வந்து பூக்கடை முன்னால் நின்றது. மகள் மெதுவாக இறங்கினாள். என்னைப் பார்த்ததும் நாக்கை நீட்டிக் காட்டினாள்; உண்மையிலேயே சிவப்புத்தான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கணத்தில் ஒரு லாரி சந்துக்குள் திரும்பியது, தரை அதிர்ந்தது. வழக்கம்போல என் நெஞ்சு திக்கென்றது. அந்தத் திக் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. எந்தத் தூணாலும் அதைப் போக்க முடியாது. ஆனால் மகளின் கையை விட்டுவிட்டு மேலே பார்க்கவில்லை. அவளை நடத்திக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன்.

பின்னால் டாக்சியின் மறு கதவு திறந்தது. சம்பந்தியம்மா இறங்கினார். ஒரு தலையணை இறங்கியது. ஒரு பாய் இறங்கியது. பெரிய பித்தளைப் பாத்திரம் ஒன்று இறங்கியது. ஒரு பை நிறைய பீட்ரூட் இறங்கியது.

"என்ன சம்பந்தியம்மா, தங்குறீங்களா?"

"பின்ன? புடிச்சவ நான். எப்படி நிக்குதுன்னு பக்கத்துல இருந்து பாக்க வேணாமா?" என்றவர், படிக்கட்டை அண்ணாந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "அது சரி, இந்த லிஃப்ட் மட்டும் எப்ப வெப்பாங்க?"

மகள் என் தோளில் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அம்மா, அந்தப் பைய மட்டும் கீழயே மறந்துட்டு வா" என்றாள்.